நிலவுக்கு உட்பட்ட இரண்டரை ஏக்கர்

சௌந்திரத்தின் இரண்டரை ஏக்கர் கல்லாங்காடு போன ஆடி மாதம் நிலவோடு சேர்க்கப்பட்டது. அரசிதழில் முறைப்படி அறிவிப்பு வந்தது. வெள்ளக்கல்பாளையத்தில் அரசிதழ் வாங்கிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லாததால், தான் பூமியை விட்டுப் போய்விட்ட விஷயம் அவளுக்கு ஆவணி பிறந்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை வழக்கம்போல எழுந்து, எருமைக்குத் தீவனம் வைத்து, பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, காய்ந்துகொண்டிருந்த மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். நிலவில் குடியிருப்பவரிடம் எதிர்பார்க்கப்படும் எந்த மாற்றமும் அவளிடம் தென்படவில்லை.

காட்டிலிருந்த பழைய போர்க் கிணறு வற்றி, மோட்டாரைப் போட்டால் வெறும் காற்றைத் தள்ளியது. புதிதாக ஒன்று போட அனுமதி வேண்டும் என்றார்கள். தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் சர்வே எண்ணைத் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“உங்க காடு எங்ககிட்ட இல்லீங்களே.”

“அதெப்படீங்க? எங்க மாமனாரு காலத்துலருந்து அங்கயேதான இருக்குது?”

“இருக்குதுங்க. ஆனா நெலாவுல இருக்குது. எங்களுக்கு மல்லசமுத்திரம் பிர்க்காவோட சரி.”

சௌந்திரம் கொஞ்ச நேரம் நின்றாள். அலுவலகத்தில் புரியாத எதையாவது சொன்னால் கொஞ்ச நேரம் நிற்பது அவள் வழக்கம். நின்றால் சில சமயம் அவர்களே மாற்றிச் சொல்வார்கள். இவர் மாற்றிச் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தப் போர் அவளுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அவள் வீட்டுக்காரன் சென்னிமலை ரிக் வண்டியில் டிரில்லர். பாறையைத் துளைத்துப் போர் போடும் லாரியை இயக்குகிறவன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓட்டை போடாத மாநிலம் இந்தியாவில் கிடையாது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் காடு காய்ந்தபோது, “ஒரு வருசம் போயிட்டு வாரேன்” என்று வண்டி ஏறினான். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. சத்தீஸ்கரில் எத்தனையோ ஊர் அவன் எடுத்துக் கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறது. அவனோ பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் விருந்தாளி மாதிரி வந்து, ஒரு வாரம் இருந்து, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். இடையில் இரண்டு முறை சொந்தக் காட்டிலும் துளைத்துப் பார்த்தான். புழுதிதான் வந்தது. மூன்றாவது இடத்தில் தண்ணீர் இருக்கிறதென்று அவனுக்கு நம்பிக்கை. டீசல் செலவுக்கே போட்டுக்கொள்ளலாம் என்று முதலாளியும் சொல்லிவிட்டார். தண்ணீர் வந்துவிட்டால் வடக்கே போவதை நிறுத்திவிடுவதாகப் பேச்சு. சௌந்திரத்துக்குத் தண்ணீர் என்றால் அதுதான். குச்சிக்கிழங்கெல்லாம் அப்புறம்.

இனி நிலவின் கதை. வெள்ளக்கல்பாளையத்துக் காட்டில் கிடக்கும் வெள்ளைக் கல்லும் நிலவில் கிடக்கும் கல்லும் ஒரே சாதி என்று ஆராய்ச்சிக்காரர்கள் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அது நல்ல ஆராய்ச்சி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலவில் இறங்கப்போகும் இயந்திரத்தை ஓட்டிப் பழக்குவதற்கு நாலு டிராக்டர் மண்ணை அள்ளிக்கொண்டு போயிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஊர்க்காரர்களே அள்ளிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் நாலு டிராக்டர் மண்ணுக்கு ஓர் இயக்குநர், ஆறு இணை இயக்குநர்கள், சேலத்தில் நான்கு மாடிக் கட்டடம், கட்டடத்தின் முன்னால் பன்னிரண்டு வெள்ளை வண்டிகள் என்று தேவைப்படாது அல்லவா? ஆகவே மண்ணை அள்ள வேண்டாம், நிலத்தையே நிலவாக அறிவித்துவிடலாம் என்று முடிவாகி, ‘நிலவு ஒப்புநில ஆணையம்’ பிறந்தது.

ஆணையத்திலிருந்து கௌதமன் என்ற கள அலுவலர் வந்தார். இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை உறையை இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டுதான் காட்டுக்குள் வந்தார். எருமைச் சாணத்தை மிதித்ததும் உறையை மாற்றிக்கொண்டார். வேலியோரம் ஒரு பலகை நட்டார். ‘இங்கிருந்து நிலவு. மெதுவாகச் செல்லவும்’ என்று அதில் எழுதியிருந்தது.

“சாமி, ஒரு போரு போட்டுக்கறனுங்க. எங்கூட்டுக்காரரே வந்து போட்டுக்குவாரு. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காதுங்க” என்றாள் சௌந்திரம்.

கௌதமனுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். “அம்மா, நிலவு எந்த நாட்டுக்கும் எந்தத் தனி மனிதருக்கும் சொந்தம் கிடையாதுன்னு உலக நாடெல்லாம் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்குதும்மா. அங்க போர் போட அனுமதி கொடுக்கற அதிகாரம் உலகத்துலயே எந்த ஆபீசுக்கும் இல்ல.”

“அப்ப இந்தக் காடு எனக்குச் சொந்தமில்லீங்களா?”

“இல்லம்மா. ஆனா வரியை மட்டும் வழக்கம்போலக் கட்டிருங்க. அந்தத் துறை இன்னும் நிலவுக்கு மாறல.”

சௌந்திரம் தலையாட்டினாள். அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்தது. அதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும். ஏனென்றால் கடைசியாக வந்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. புரட்டாசியில் ரேஷன் கடைக்குப் போனாள். கடைக்காரர் கையளவு அரிசியைத் தராசில் போட்டுவிட்டு அடுத்த அட்டையை வாங்கினார். நிலவில் எந்தப் பொருளின் எடையும் பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். நிலவில் வசிக்கும் அட்டைதாரருக்குப் பூமியின் எடையில் அரிசி போட்டால் ஆறு மடங்கு அதிகம் போட்டதாகத் தணிக்கையில் எழுதிவிடுவார்கள் என்று கடைக்காரர் விளக்கினார். அவர் சொன்னது கணக்குப்படி சரியாகவே இருந்தது. சௌந்திரம் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பையில் ஏதும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. இதுதான் நிலவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் கரண்ட். நிலவில் பகல் பதினான்கு நாள், இரவு பதினான்கு நாள். ஆகவே வெள்ளக்கல்பாளையத்துக்குப் பதினான்கு நாள் கரண்ட் விடாமல் வந்தது. அப்புறம் பதினான்கு நாள் வரவே இல்லை. ஊர்க்காரர்கள் திரண்டுபோய்க் கேட்டார்கள். ஒரு மாதத்தில் பாதி நாள் தடையில்லா மின்சாரம் பெறும் ஊர் மாவட்டத்திலேயே உங்களுடையதுதான் என்று சொல்லி, அதிகாரி அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

மாரியம்மன் நோம்பிக்கு மேளம் கூடாது என்றார்கள். நிலவில் காற்று கிடையாது. காற்றில்லாத இடத்தில் சத்தம் கேட்காது. கேட்டால் அது நிலவின் தன்மைக்குப் பங்கம். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், மேளக்காரர்கள் வரலாம், அடிக்கலாம், ஆனால் குச்சி தோலில் படக்கூடாது என்று உடன்பாடு ஏற்பட்டது. அவர்களும் அப்படியே அடித்தார்கள். பக்கத்துக் காட்டு மாரக்காளுக்கு வருஷா வருஷம் சாமி வரும். இந்த வருஷமும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஆடிவிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் மாரக்கா, இந்தக் கூத்துக்கு ஒருத்தருக்கும் ஆத்தரமே வரலியே?” என்று சௌந்திரம் கேட்டாள்.

“வந்துச்சு சாமி, மொதல்ல. அப்பறம் பழகிருச்சு” என்றாள் மாரக்காள்.

சௌந்திரத்துக்கும் அப்படித்தான் இருந்தது. பல் பிடுங்குகிற டாக்டர் ஊசி போட்ட பிறகு ஈறு இருக்குமே, அந்த மாதிரி. தொட்டால் தொடுவது தெரிகிறது. வலிப்பது மட்டும் தெரியவில்லை.

தையில் எருமையை விற்றாள். குடிதண்ணீர் லாரி நிலவின் எல்லைக்குள் வரக்கூடாது என்றாகிவிட்டது; பலகையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஒரு மனுஷிக்குச் சுமந்து வரலாம். எருமைக்குச் சுமக்க முடியாது. ஓட்டிக்கொண்டு போனவரின் பின்னால் அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. சௌந்திரம் வீட்டுக்குள் போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள்.

மாசியில் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. ‘விண்வெளி ஆராய்ச்சிக்கு அரசு மக்கள் பணத்தைச் செலவிடலாமா?’ என்று மக்களையே கேட்டுவிட வேண்டும் என்பது விதி. ஆணையம் உண்டாகி, கட்டடம் எழும்பி, வண்டிகள் வாங்கிய பிறகு கேட்க வேண்டும் என்பது உள்விதி. வெறுமனே கேட்டால் கூட்டம் வராது என்று திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, பட்டிமன்றமாக நடத்தினார்கள். வந்தவர்களுக்குத் தக்காளி சாதமும் ஒரு தொப்பியும் உண்டு. ‘செலவிடலாம்’ அணியில் பேச ஆணையத்தின் ஆறு இணை இயக்குநர்களும் இருந்தார்கள். ‘செலவிடக்கூடாது’ அணிக்கு ஆள் இல்லை. நடுவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து, கௌதமன் சௌந்திரத்தைக் கூட்டி வந்து அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

தொடக்க உரையை இயக்குநர் டாக்டர் குருமூர்த்தி ஆற்றினார். வெள்ளைத் தலை, கம்பீரமான குரல். அவர் பேச்சில் ஒளிவுமறைவு என்பதே இருக்காது என்று ஆணையத்தில் அவருக்குப் பெயர்.

“ஏழை நாட்டுக்கு நிலவு எதற்கு என்று கேட்கிறார்கள். முதலில் பணக்கார நாடாகட்டும், பிறகு போகலாம் என்கிறார்கள். நண்பர்களே, அதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும்!” கைதட்டல். “மருத்துவமனை கட்டு என்கிறார்கள். கட்டினால் என்ன ஆகும்? நோயாளிகள் வருவார்கள். டாக்டர் எங்கே, மாத்திரை எங்கே என்பார்கள். பள்ளிக்கூடம் கட்டினால் பிள்ளைகள் வருவார்கள். கக்கூஸ் கேட்பார்கள். நிலவில் கட்டிப் பாருங்கள். ஒருவரும் வரமாட்டார்கள். இத்தனை ஆண்டுகளில் நிலவிலிருந்து அரசுக்கு ஒரே ஒரு புகார் மனு வந்ததுண்டா? அப்படிப்பட்ட தொகுதி வேறு எங்கே இருக்கிறது?”

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த பிரமுகர் ஒருவர் யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

“எங்கள் நிதியில் பெரும் பகுதி கட்டடத்துக்கும் வாகனத்துக்கும் கருத்தரங்குக்கும் போகிறது என்று ஒரு குற்றச்சாட்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆராய்ச்சிக்கென்று வந்த சிறு தொகையைத் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பினோம். சிக்கனத்துக்காக எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அந்தக் கேடயத்தை வைக்க ஓர் அறை கட்டியிருக்கிறோம்.”

சௌந்திரத்தின் முறை வந்தது. ஒலிபெருக்கியை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

“எனக்கு ராக்கெட்டு மேல கோபமெல்லாம் இல்லீங்க. ராக்கெட்டு நெலாவுல எறங்குன அன்னிக்கி டிவியில நானும் பாத்தனுங்க. அந்தப் பொம்பளைங்க எல்லாம் சேலையக் கட்டிக்கிட்டு உக்காந்து கம்ப்யூட்டர்ல வேல செஞ்சு, எறங்குனதும் எந்திரிச்சுக் கை தட்டுனாங்க பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. புயல் வருதுன்னு மொதல்லயே சொல்றதும் இதனாலதான்னு சொல்றாங்க. எங்கூட்டுக்காரரு வடக்கருந்து போன் பேசறதும் அதனாலதான்னாங்க. பண்ணட்டுங்க, நல்லதுதான். எங்காட்டுல ஒரு போரு போட்டுக்கோணும், அவ்வளவுதானுங்க. அதுக்கு யாரும் காசு தர வேண்டியதில்லீங்க. போடாதீங்கன்னு சொல்லாம இருந்தாப் போதுமுங்க.”

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. எந்த இடத்தில் தட்டுவது என்று தெரியவில்லை.

நடுவர் பேராசிரியர் வேல்முருகன் எழுந்து இரண்டு கைகளையும் விரித்தார். ஐயா உயரத்தைக் கேட்கிறார், அம்மா ஆழத்தைக் கேட்கிறார் என்றார். உயரமில்லாத ஆழமும் ஆழமில்லாத உயரமும் உண்டா என்று கேட்டார். ஒரு பாட்டுப் பாடினார். மாமியார், மருமகள் ஜோக் ஒன்று சொன்னார். விண்வெளிக்குச் செலவிடலாம் என்பதே இந்த அவையின் தீர்ப்பு என்று முடித்தார். தீர்ப்பு அழைப்பிதழிலேயே அச்சாகி இருந்தது. எதிரணியில் பேசி ஜனநாயகத்தைக் காப்பாற்றியதற்காகச் சௌந்திரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குளிருக்கு ஆகும் என்று அவள் மடித்து வைத்துக்கொண்டாள்.

பங்குனி தொடங்கியபோது ஆணையத்தில் ஒரு பதற்றம் உண்டாயிற்று. மார்ச் முடிவதற்குள் செலவாகாத நிதி திரும்பிப் போய்விடும். சிக்கனக் கேடயம் ஒன்று போதும். இரண்டாவதை வாங்கினால் அடுத்த வருஷ ஒதுக்கீட்டையே குறைத்துவிடுவார்கள். என்ன செய்யலாம் என்று ஆறு இணை இயக்குநர்களும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் நிலவில் ஒரு துளை போடுவது என்று தீர்மானமாயிற்று. ஆழத்திலிருந்து புழுதியை எடுத்துக் கண்ணாடிக் குப்பிகளில் அடைக்க வேண்டும். ஒப்பந்தம் டெல்லிக் கம்பெனிக்குப் போனது. அது ஹைதராபாத் கம்பெனிக்குக் கைமாற்றியது. ஹைதராபாத்காரர்கள் பாறையைத் துளைக்க யாரால் முடியும் என்று விசாரித்து, திருச்செங்கோட்டுக்குப் போன் போட்டார்கள். சென்னிமலையின் முதலாளிக்குத்தான் அந்தப் போன் வந்தது.

“சௌந்திரம், நம்ம காட்டுக்கே வண்டி வருது” என்றான் சென்னிமலை போனில். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

“நெலாவுக்குங்களா?”

“நெலாவோ என்ன எழவோ. நான் சொல்றதக் கேளு. எந்த எடத்துல போடறதுன்னு நாந்தான் காட்டுவேன். அவுங்களுக்குப் புழுதிதான வேணும், எங்க போட்டா என்ன? மூணாவது எடத்துலயே போட்டுர்றேன்.”

“தண்ணி வந்தா உட்ருவாங்களா?”

“வந்தது அவுங்களுக்குத் தெரிஞ்சாத்தான? புழுதி பறக்கும், ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். ஈரந்தட்டுனதும் காத்த நிறுத்திருவேன், தண்ணி மேல வராது. அடியில தொளைக்கற ஹேமர் மாட்டிக்கிச்சுன்னு சொல்லி ராடு எல்லாத்தையும் தூக்கிருவேன். குழிய ஒரு மூடி போட்டு வெச்சுட்டு வந்தர்லாம். இவுங்க ஒரு வருசம் ரெண்டு வருசத்துல வேற ஊரப் பாத்துக்கிட்டுப் போயிருவாங்க. அப்பறம் மோட்டார எறக்கிக்கலாம். நீ மட்டும் வாயத் தொறக்காம ஊட்டுலயே இரு.”

“நீங்க?”

“நான் அன்னிக்கோட வண்டியில போறத நிறுத்திக்கறேன்.”

சௌந்திரம் போனை வைத்த பிறகும் அந்த இடத்திலேயே நின்றாள். மாதக்கணக்காக மரத்துக் கிடந்த ஏதோ ஒன்றில் இலேசாக ஊசி குத்தியது. சந்தோஷமா, பயமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வண்டிகள் இரண்டும் வந்து சேர்ந்தன. துளைக்கிற லாரி ஒன்று, காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் லாரி ஒன்று. சக்கரத்துக்கெல்லாம் வெள்ளைத் துணி சுற்றிய பிறகே நிலவுக்குள் விட்டார்கள். ஆணையத்தார் காட்டின் மறுகோடியில் குளிரூட்டிய கூடாரம் போட்டு, குருமூர்த்தி தலைமையில் உட்கார்ந்துகொண்டார்கள். நிலவில் ஈரம் ஆகாது என்பதால் ஆட்களின் தண்ணீர்க் கேன்களைக் கூடப் பலகையருகே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சென்னிமலை கைகாட்டிய இடத்தில் துளை ஆரம்பமாயிற்று. வெள்ளைப் புழுதி ஆள் உயரத்துக்கு எழும்பிக் காட்டையே மூடியது. கௌதமன் மட்டும் மூக்கைக் கட்டிக்கொண்டு அவ்வப்போது ஓடிவந்து ஒரு குப்பியில் புழுதியை அள்ளிக்கொண்டு ஓடினார். மத்தியானம் கூடாரத்துக்குப் பிரியாணி வந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

அந்த நேரத்தில்தான் ஈரம் தட்டியது. புழுதியின் நிறம் மாறிக் கட்டி கட்டியாக விழுந்தது. சென்னிமலை பார்த்தான். காற்றை நிறுத்துகிற கைப்பிடி அவனுக்கு இடது கைப்பக்கம் இருந்தது.

ரிக் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் கண்ட மறு நொடி டிரில்லர் ஹார்னை விடாமல் அடிப்பான். அந்த வீட்டுப் பெண்ணைக் குடம் கொண்டுவரச் சொல்லிக் கத்துவான். முதல் தண்ணீர் வீட்டுக்காரியின் குடத்தில்தான் விழ வேண்டும். அப்புறம்தான் மஞ்சள், குங்குமம், தேங்காய் எல்லாம். பதினாறு வருஷமாக எத்தனையோ காட்டில் அவன் அப்படி அடித்திருக்கிறான். வேறு யாராவது தண்ணீர் கண்டும் ஹார்ன் அடிக்காமல் இருந்திருந்தால், அவன் மனுஷனே இல்லை என்று சொல்லியிருப்பான்.

அவன் கை ஹார்னுக்குப் போய்விட்டது. காற்றைக் கூட்டிவிட்டான். தண்ணீர் வேப்பமர உயரத்துக்குப் பீறிட்டு எழுந்தது. சென்னிமலை வண்டி மேல் ஏறி நின்று, வீட்டைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான்.

“மாதாஜி! மட்கா லாவோ! மாதாஜி!”

அம்மா, குடம் கொண்டு வாருங்கள் என்பதற்கு வடக்கே அதுதான் பேச்சு. சொந்தக் காட்டில், சொந்தப் பெண்டாட்டியை, அவன் அப்படித்தான் கூப்பிட்டான். வேறு மாதிரி கூப்பிட அவனுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை.

வாயைத் திறக்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய சௌந்திரம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மஞ்சளை எடுக்க மறக்கவில்லை. திட்டம் அவளுக்கும் தெரியும். ஹார்ன் சத்தம் கேட்டதும் அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. தலையிலும் சேலையிலும் தண்ணீர் கொட்டக் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். சென்னிமலையும் சிரித்தான். குடம் நிறைந்த பிறகுதான் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆணையம் முழுக்கப் பிரியாணிக் கையோடு அங்கே நின்றிருந்தது.

கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார்கள். காற்று நின்றதும் தண்ணீர் குழிக்குள் இறங்கிவிட்டது. சுற்றிலும் சிந்தியதைப் பங்குனி வெயிலில் கல்லாங்காடு உடனே குடித்துவிட்டது. கூடாரத்தில் அவசரக் கூட்டம் நடந்தது. துணித் தடுப்புத்தான் என்பதால் பேச்செல்லாம் வெளியே கேட்டது.

“சார், ஒரு சந்தேகம்” என்றார் கௌதமன். “நிலவுல தண்ணி இருக்கான்னு தேடறதுதானே சார் எல்லாருடைய நோக்கமும்? கிடைச்சிருக்கே?”

“தம்பி, தேடுவதற்குத்தான் நிதி. கண்டுபிடிப்பதற்கு அல்ல” என்றார் குருமூர்த்தி. “கண்டுபிடித்துவிட்டால் அந்தத் தலைப்பு அதோடு தீர்ந்தது. அடுத்த வருஷம் எதைக் காட்டிக் கேட்பாய்?”

“அப்ப இது நிலவு இல்லைன்னு...”

“தண்ணீர் இருந்தால் இது நிலவு அல்ல. இது நிலவு அல்ல என்றால் நான் யார்?”

குருமூர்த்தியை யாரும் அதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை. அவரே கேட்டுக்கொண்டதும் இல்லை. கொஞ்சம் கழித்து அவர் வழக்கமான குரலில் தீர்மானத்தைச் சொன்னார். வெளிவந்த பொருள் தண்ணீர் அல்ல. எதிர்பாராத ஈரப்பதம். நிலவின் தூய்மையைக் காப்பாற்ற, துளை அடியிலிருந்து மேல்வரை சிமெண்ட் கலவையால் அடைக்கப்படும். ஒப்பந்தத்தின்படி துளைத்தவரே அடைக்க வேண்டும். நிலவில் தண்ணீர் இல்லை என்பது சேலம் விஞ்ஞானிகளால் ஐயமற நிரூபிக்கப்பட்டதாகப் பத்திரிகைகளுக்குச் செய்தி போனது.

சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கின. சென்னிமலை முதலாளிக்குப் போன் போட்டான். பேசி முடித்துவிட்டு வந்து மண்வெட்டியை எடுத்தான்.

“என்னங்க சொன்னாரு?” என்று சௌந்திரம் கேட்டாள்.

“அடைக்காட்டிப் பணம் வராதாம். வண்டி லோன் கட்டோணுமாம். அடைச்சுட்டு ராத்திரியே கெளம்பச் சொல்றாரு. ராய்ப்பூருக்கு.”

“ம்” என்றாள்.

அவனைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவனும் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. சிமெண்டையும் மணலையும் கொட்டிக் கிளறினான். பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான்.

கலக்கத் தண்ணீர் இல்லை. குடிதண்ணீர் லாரிக்கு அன்றைக்கு முறையில்லை; வந்தாலும் பலகையைத் தாண்டக்கூடாது. கூடாரத்தில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் இருந்தது. அது விருந்தினர் உபசரிப்புக் கணக்கில் வாங்கியது. கட்டுமானத்துக்குச் செலவழித்தால் தணிக்கையில் கேள்வி வரும். கம்ப்ரஸரை மறுபடி ஓட்டிக் குழியிலிருந்து எடுக்கலாம் என்றால், குழியில் இருப்பது தண்ணீர் அல்ல என்று தீர்மானம் போட்டாகிவிட்டது. கௌதமன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சௌந்திரத்திடம் வந்தார். அவள் இடுப்பில் குடம் இருந்தது. குடத்தின் கழுத்தில் மஞ்சள் பூசியிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“அம்மா, அந்த ஈரப்பதத்தைக் கொஞ்சம் கொடுக்கறீங்களா?”

சௌந்திரம் குடத்தை இறக்கினாள். அவர் கையில் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு போய், சென்னிமலைக்கு எதிரே குனிந்து, சிமெண்ட் குவியலின் நடுவில் குழிபறித்து வைத்திருந்த இடத்தில் சாய்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அவன் சுற்றி வந்து கிளறக் கிளற அவள் ஊற்றினாள்.

“போதுங்களா?” என்று கேட்டாள்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்து” என்றான் சென்னிமலை.